வெளியிடத்து நேரலையில் குரல் வெட்டுகிறதா? லெவலையும் பாக்கெட் இழப்பையும் சேர்த்துப் பார்க்கும் முறை

எங்கள் ஊர்ச் சமுதாய வானொலிக்காகத் தேர்த்திருவிழா, கும்பாபிஷேகம், விளையாட்டுப் போட்டி என்று வெளியிடங்களில் இருந்து நேரலை கொடுத்து வருகிறேன். எடுத்துப் போகும் சாமான் கொஞ்சம்தான்: ஒரு சின்ன மிக்ஸர், இரண்டு மைக், ஒரு ஐபி ஆடியோ கோடெக், ஒரு 4ஜி ரூட்டர். கோடெக் ஒலியைச் சுருக்கி, சின்னச் சின்னப் பாக்கெட்டுகளாக நறுக்கி, இணையத்தில் அனுப்பும். நிலையத்தில் இருக்கும் இன்னொரு கோடெக் அவற்றை வரிசைப்படுத்தி மறுபடி ஒலியாக்கும்.

ஒரு தேரோட்டத்தன்று நிலையத்தில் இருந்த தம்பி போன் செய்தான். “அண்ணே, உங்க குரல் வெட்டி வெட்டி வருது.” என் திரையைப் பார்த்தேன். மீட்டர் நன்றாக ஆடுகிறது, பாக்கெட் இழப்பு 0 என்று பச்சையில் இருக்கிறது. “இங்க எல்லாம் சரியா இருக்குப்பா, அங்க பாரு” என்று சொல்லிவிட்டேன். அவன் பத்து நிமிடம் கேபிளை மாற்றி மாற்றிச் சொருகினான். அதற்குள் தேர் ஒரு வீதி திரும்பிவிட்டது.

அந்த 0 எனக்கு வந்துகொண்டிருந்த பாக்கெட்டுகளின் கணக்கு. நிலையத்தில் இருந்து என் ஹெட்போனுக்கு வரும் ஒலியில் இழப்பு இல்லை என்றுதான் அது சொன்னது. நான் அனுப்பிய பாக்கெட்டுகளில் எத்தனை போய்ச் சேர்ந்தன என்பதை வாங்குகிற பக்கம்தான் எண்ண முடியும். லெவல் என்ற ஒலி அளவும் அப்படித்தான். என் மீட்டர் என் மிக்ஸரின் கதையைச் சொல்லும். வழியில் நடந்ததைச் சொல்லாது. கீழே உள்ள எந்த அறிகுறிக்கும் முதல் வேலை இதுதான்: எதிர்முனையின் வரவு மீட்டரையும் வரவு இழப்பையும் கேட்டு வாங்குங்கள். ஒலியைக் கூட்டிக்குறைக்கும் ஃபேடரில் கை வைப்பது அதற்கு அப்புறம்.

பல கோடெக்குகளில் எதிர்முனையின் கணக்கும் நம் திரைக்கே வரும். ஒலிப் பாக்கெட்டுகளைச் சுமக்கும் ஆர்டிபி நெறிமுறையோடு கூடவே ஓடும் ஆர்டிசிபி அறிக்கைகள் அந்தத் தகவலைச் சுமந்து வருகின்றன. வழக்கமாகச் சில வினாடிக்கு ஒருமுறை வரும். திரையில் ‘ரிமோட்’ என்றோ ‘ஃபார் எண்ட்’ என்றோ ஒரு வரி இருந்தால் அதைத்தான் பார்க்க வேண்டும். சில கருவிகள் அறிக்கையில் உள்ள எண்ணை அப்படியே காட்டிவிடும். அப்போது இழப்பு 256-இல் எத்தனை பங்கு என்று இருக்கும். 13 என்றால் சுமார் 5 சதவீதம். ஜிட்டர், அதாவது பாக்கெட் வரும் நேரத்தின் ஏற்ற இறக்கம், கடிகாரத் துடிப்புக் கணக்கில் இருக்கும். வினாடிக்கு 48,000 துடிப்பில் ஓடும் ஓபஸ் என்ற சுருக்க முறையில் 480 என்றால் 10 மில்லிசெகண்ட். ஜி.722 என்ற சுருக்க முறையில் மட்டும் கவனம் தேவை. அது வினாடிக்கு 16,000 மாதிரி எடுத்தாலும், ஆரம்ப கால விவரக்குறிப்பில் நேர்ந்த ஒரு பிழையால் ஆர்டிபி-யில் 8,000 என்றே பதிவாகி, இன்றுவரை அப்படியே தொடர்கிறது. அதில் 80 வந்தால்தான் 10 மில்லிசெகண்ட்.

கிளம்பும் முன் ஒரு டோன், ஒரு எண்ணிக்கை

மிக்ஸரில் இருந்து 1 கிலோஹெர்ட்ஸ் டோனை -18 டிபிஎஃப்எஸ் அளவில் (டிஜிட்டல் உச்சமான 0-க்கு 18 டெசிபல் கீழே) ஒரு நிமிடம் அனுப்புங்கள். ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியத்தின் ஒப்பளவு அது. அமெரிக்க வழக்கத்தில் வடிவமைத்த கருவிகளில் -20 இருக்கும். எதை வைத்தாலும் சரி, இரு முனையும் ஒன்றையே வைத்திருக்க வேண்டும். நிலைய மீட்டர் அதே எண்ணை ஒரு டெசிபல் கூடக்குறையக் காட்டினால் வழி நெடுகிலும் லெவல் சரி. பேசும்போது உச்சம் (பீக்) -9 பக்கம் நின்றால் போதும். அதற்கு மேல் மிச்சமிருக்கும் இடம் வீணாவதில்லை. வர்ணனையாளர் திடீரென்று “தேர் நகர்ந்துவிட்டது” என்று உரக்கச் சொல்லும் அந்த ஒரு நொடிக்கு அது வேண்டும். தவிலுக்கு இன்னும் கொஞ்சம் அதிகமாகவே வேண்டும்.

பாக்கெட் இழப்பைச் சோதிக்க டோன் உதவாது. தொலைந்த பாக்கெட்டின் இடத்தில் கோடெக் முந்தைய அலையை நீட்டி நிரப்பும். மாறாமல் ஓடும் டோனில் அந்த ஒட்டு காதில் படாமலே போகலாம். அதனால் டோனை முடித்துவிட்டு, ஒன்று முதல் நூறு வரை நிதானமாக எண்ணச் சொல்வேன். “முப்பத்தி நாலு வரல, அறுபத்தி ஒண்ணு பாதிதான் வந்தது” என்று எதிர்முனை சொன்னால் எப்போது, எவ்வளவு நேரம் விழுந்தது என்று உடனே தெரிந்துவிடும்.

அறிகுறி: நிலையத்தில் ஒரு சத்தமும் இல்லை

பதற்றத்தில் எல்லாரும் முதலில் ரூட்டரை அணைத்துப் போடுவார்கள். கொஞ்சம் பொறுங்கள். நிலையத்தின் வரவு மீட்டரை உற்றுப் பார்க்கச் சொல்லுங்கள். முழு அமைதியா, லேசான துடிப்பா?

-60, -70 பக்கத்தில் ஏதோ மினுங்கினால் பாக்கெட்டுகள் வந்துகொண்டிருக்கின்றன. மைக் முன்பெருக்கியின் இரைச்சல்தான் அது. குற்றவாளி உங்கள் மேசையில் இருக்கிறது: மியூட் பொத்தான், இறங்கிய ஃபேடர், 48 வோல்ட் ஃபாண்டம் மின்சாரம் கொடுக்காத கண்டென்சர் மைக், தவறான துளையில் சொருகிய கேபிள். ரூட்டரைத் தொட்டிருந்தால் நன்றாக இருந்த இணைப்பையும் அறுத்திருப்பீர்கள்.

மீட்டர் அடியில் அசையாமல் கிடந்தால், வரும் பாக்கெட் எண்ணிக்கை கூடுகிறதா என்று பாருங்கள். கூடாவிட்டால் வழி அடைபட்டிருக்கிறது. கூடியும் ஒலி இல்லாவிட்டால், டிஜிட்டல் மிக்ஸரில் மியூட் போட்டிருக்கலாம் (அது இரைச்சலைக்கூட விடாது), அல்லது இரு கோடெக்கும் வேறு வேறு சுருக்க முறையில் இருக்கலாம்.

மீட்டர் நன்றாக ஆடியும் வானொலியில் சத்தம் இல்லை என்று ஒரு விசித்திரமும் உண்டு. இடது, வலது இரண்டிலும் லெவல் அழகாக இருக்கும். ஆனால் ஒரு கேபிளில் 2, 3-ஆம் முள் மாறிச் சாலிடர் ஆகியிருக்கும். மோனோவில் சேர்க்கும்போது இரண்டும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். ஒரு சானலை மட்டும் அணைத்துப் பாருங்கள். குரல் வந்துவிட்டால் கேபிளை மாற்றுங்கள்.

அறிகுறி: குரல் துண்டு துண்டாக விழுகிறது

அதிகம் வருவதும், தவறாகக் கையாளப்படுவதும் இதுதான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் சராசரியை நம்பாதீர்கள். 20 மில்லிசெகண்டுக்கு ஒரு பாக்கெட் என்றால் வினாடிக்கு 50, ஒரு மணி நேரத்துக்கு 1,80,000. திரையில் ‘0.2 சதவீதம்’ என்று பார்த்தால் மனம் நிம்மதியாகிவிடும். அது 360 பாக்கெட். இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தொலைந்திருந்தால் கேட்பவருக்குத் தெரியவே தெரியாது, கோடெக் ஒட்டுப்போட்டுவிடும். மொத்தமாக ஒரே இடத்தில் தொலைந்திருந்தால் 7.2 வினாடி மௌனம். சதவீதத்தோடு, தொடர்ச்சியாக எத்தனை போயின என்பதையும் கேளுங்கள். கோடெக் அதைக் காட்டாவிட்டால், மொத்த இழப்பு எண்ணை 10 வினாடிக்கு ஒருமுறை குறித்து வைத்தாலே போதும். படிப்படியாக ஏறுகிறதா, தாவுகிறதா என்று தெரிந்துவிடும்.

அடுத்த கேள்வி: பாக்கெட் தொலைந்ததா, தாமதமாக வந்ததா? காதுக்கு இரண்டும் ஒன்றுதான், மருந்துதான் வேறு. தாமதமாக வந்த பாக்கெட்டை, அதன் முறை போய்விட்டதால் கோடெக் தூக்கி எறிந்துவிடும். நல்ல கருவிகள் இரண்டையும் தனித்தனியாக எண்ணும். தாமதமானதை எண்ணும் ‘லேட்’ எண்ணிக்கை ஏறினால், வந்த பாக்கெட்டுகளைச் சற்றே காக்கவைக்கும் ஜிட்டர் பஃபரைக் கூட்டுங்கள். 100 மில்லிசெகண்டில் இருப்பதை 300, 400 ஆக்குங்கள். வர்ணனைக்கு அரை வினாடித் தாமதம் ஒரு பொருட்டே இல்லை. நிலையத்தோடு கேள்வி-பதில் நடக்கிறது என்றால் மட்டும் யோசிக்க வேண்டும். தொலைந்ததை எண்ணும் ‘லாஸ்ட்’ ஏறினால் பஃபரை 2 வினாடி ஆக்கினாலும் பலன் இல்லை. வராத பாக்கெட்டுக்காக எவ்வளவு நேரம் காத்திருந்தால் என்ன?

லாஸ்ட் ஏறும்போது பலரும், தொலைந்ததை மீட்க உதவும் பிழைதிருத்தப் பாக்கெட்டுகளைக் கூட்டிவிடுவார்கள். காரணத்தைப் பார்க்காமல் அதைச் செய்யாதீர்கள். வழி நெரிசலாக இருப்பதால் இழப்பு என்றால், கூடுதல் பாக்கெட்டுகள் அந்த நெரிசலையே கூட்டும். முதலில் பிட்ரேட்டை, அதாவது வினாடிக்கு அனுப்பும் தரவின் அளவை, குறையுங்கள். ஓபஸில் 64 கிலோபிட் வைத்தால், ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் 40 பைட் தலைப்புச் சேர்ந்து, உண்மையில் 80 கிலோபிட் வெளியே போகிறது. ஒற்றை வர்ணனைக் குரலுக்கு மோனோவில் 32 கிலோபிட் தாராளம். குறைத்ததும் இழப்பு இறங்கினால் காரணம் நெரிசல். இறங்காவிட்டால் சிக்னலோ கேபிளோ கோளாறு. அப்போது பிழைதிருத்தம் உதவும். ஓபஸுக்குள்ளேயே உள்ள பிழைதிருத்தம் பேச்சுக்கான முறையில்தான் வேலை செய்யும். அதிக பிட்ரேட் வைத்து அது இசை முறைக்குத் தாவிவிட்டால் அந்தக் காப்பு போய்விடும். அடுத்தடுத்து இரண்டு மூன்று பாக்கெட் தொலைந்தாலும் அதனால் காப்பாற்ற முடியாது, ஒற்றை இழப்புக்குத்தான் அது. இரண்டு வேறு நிறுவன சிம்களில் ஒரே ஒலியை இரட்டையாக அனுப்ப உங்கள் கோடெக்கில் வசதி இருந்தால் அதையே நான் முதலில் தேர்ந்தெடுப்பேன்.

இப்போது, எங்கே தொலைகிறது? மூன்று துண்டுகளாகப் பிரித்துப் பாருங்கள். கோடெக்கில் இருந்து நம் ரூட்டர் வரை, ரூட்டரில் இருந்து நிலையத்து ரூட்டர் வரை, அங்கிருந்து நிலையத்துக் கோடெக் வரை. முதலும் மூன்றாவதும் நம் கையில் இருக்கின்றன. ஒரு மடிக்கணினியைச் சொருகி, ரூட்டருக்கே இரண்டு நிமிடம் பிங் செய்யுங்கள் (சின்னச் சோதனைப் பாக்கெட் அனுப்பி, பதில் வரும் நேரத்தை அளப்பது). கேபிளில் ஒன்றுகூடத் தொலையக் கூடாது, நேரமும் ஒரு மில்லிசெகண்டைத் தொடக் கூடாது. தொலைந்தால் கேபிளை மாற்றுங்கள். வைஃபையில் இருந்தால் உடனே கேபிளுக்கு வாருங்கள். திருவிழாக் கூட்டத்தில் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை ஒரு சந்தைக்கடை.

நிலையத்தில் பழைய நெட்வொர்க் சுவிட்ச் இருந்தால் இன்னொன்றையும் பாருங்கள். ஒரு பக்கம் 100 மெகாபிட், முழு டூப்ளெக்ஸ் (ஒரே நேரத்தில் இரு திசையிலும் ஓடுவது) என்று கையால் கட்டிவைத்து, மறு பக்கம் தானியங்கியில் இருந்தால், தானியங்கிப் பக்கம் அரை டூப்ளெக்ஸுக்கு (ஒரு நேரத்தில் ஒரு திசை மட்டும்) இறங்கிவிடும். பிங் சுத்தமாக இருக்கும். இரு திசையிலும் ஒலி ஓடத் தொடங்கியதும் இழப்பு ஆரம்பிக்கும். சுவிட்சின் போர்ட் பக்கத்தில் சிஆர்சி பிழை, தாமத மோதல் எண்ணிக்கைகள் ஏறினால் இதுதான். இரண்டையும் தானியங்கியில் விடுங்கள்.

நடுத் துண்டுக்கு எம்டிஆர் என்ற வழிச்சோதனை நிரல் போதும். ஒவ்வொரு தாவலிலும் (வழியில் உள்ள ஒவ்வொரு ரூட்டரிலும்) எத்தனை சதவீதம் தொலைகிறது என்று அது காட்டும். நான்காவது தாவலில் 60 சதவீதம் என்று பார்த்ததும் இணைய நிறுவனத்தோடு சண்டைக்குப் போகாதீர்கள். நடுவில் இருக்கும் ரூட்டர்கள் பிங்குக்குப் பதில் சொல்வதைக் கடைசி வேலையாக வைத்திருக்கும். அந்தத் தாவலில் தொடங்கும் இழப்பு கடைசித் தாவல் வரை தொடர்ந்தால்தான் அது உண்மையான இழப்பு. நிலையத்துக் கணினியில், பாக்கெட்டுகளைப் பதிவுசெய்து காட்டும் வயர்ஷார்க் நிரலை ஓட்ட முடிந்தால், அதன் ஆர்டிபி பகுப்பாய்வு தொலைந்த ஒவ்வொரு வரிசை எண்ணையும் காட்டும். இதைவிட உறுதியான சாட்சி வேறில்லை.

4ஜி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். முந்தின நாள் போய்ச் சோதித்து, “அருமையாக இருக்கிறது” என்று திரும்பி வருவோம். தேரன்று ஐம்பதாயிரம் பேர் அதே கைபேசிக் கோபுரம் வழியாக வீடியோ அனுப்புவார்கள். ரூட்டரில் சிக்னல் கோடுகள் நிறைந்தே இருக்கும், ஏனென்றால் அவை கோபுரத்தின் சத்தத்தை அளக்கின்றன. நமக்கு அங்கே இடம் கிடைக்குமா என்பதை அளப்பதில்லை. ரூட்டரின் உள்பக்கத்தில் எஸ்ஐஎன்ஆர் என்ற எண்ணைப் பாருங்கள் (இரைச்சலையும் குறுக்கீட்டையும் விடச் சிக்னல் எவ்வளவு மேலே நிற்கிறது என்பது). காலையில் 15-இல் இருந்தது மதியம் 3-க்கு வந்தால், ஆன்டெனாவை உயரத்தில் கட்டி, திசையை மாற்றி வேறு கோபுரத்தைப் பிடிக்கப் பாருங்கள். அதைவிட நல்ல வழி, மாடவீதியில் ஃபைபர் இணைப்பு உள்ள ஒரு கடைக்காரரிடம் முன்கூட்டியே பேசி ஒரு கேபிள் இழுத்துக்கொள்வது. நான் கேட்டு இதுவரை யாரும் மறுத்ததில்லை. “நம்ம ஊர்த் தேரு, எடுத்துக்கங்க” என்றுதான் சொல்கிறார்கள்.

அப்புறம், நேரலை ரூட்டரின் வைஃபை கடவுச்சொல்லை யாருக்கும் கொடுக்காதீர்கள். கூட வந்த தன்னார்வலர் ஒருவர் 200 மெகாபைட் வீடியோவை ஏற்றத் தொடங்கினால், ரூட்டரின் வரிசையில் நம் குரல் அதன் பின்னால் நிற்கும். பிங் 40 மில்லிசெகண்டில் இருந்து 900-க்கு ஏறும், லேட் எண்ணிக்கை பறக்கும்.

அறிகுறி: குரல் கரகரக்கிறது, ஆனால் இழப்பு 0

இது லெவல் கோளாறு. பெரும்பாலும் அனுப்பும் பக்கம். ஏமாற்றுவது என்னவென்றால், நிலையத்தில் மீட்டர் -12-ஐத் தாண்டாமல் இருக்கும், சிவப்பே எரியாது. கோடெக்குக்கு முன்னால், மிக்ஸரின் மைக் கெயினிலேயே அலையின் உச்சி வெட்டுப்பட்டிருக்கும். பின்னால் ஃபேடரை இறக்கினால் வெட்டுப்பட்ட அலை சின்னதாகும், அவ்வளவுதான். மைக்கில் இருந்து தொடங்கி ஒவ்வொரு படியாக முன்னேறி, முதலில் சிவப்பு எரியும் இடத்தைப் பிடியுங்கள்.

கோவில் ஒலிபெருக்கிக்காரரிடம் லைன் வாங்கும்போது இது அடிக்கடி நடக்கும். அவருடைய மிக்ஸர் +4 டிபியு, அதாவது சுமார் 1.23 வோல்ட் கொடுக்கும். அதை நம் கோடெக்கின் மைக் துளையில் சொருகினால், சில மில்லிவோல்ட்டை எதிர்பார்க்கும் இடத்தில் அணை திறந்தது போல் ஆகும். லைன் துளைக்கு மாற்றுங்கள், இல்லையென்றால் லெவலைக் குறைக்கும் பேட் போடுங்கள். வீட்டு உபயோகக் கருவியின் -10 டிபிவி வெளியீடு என்றால் எதிர்மாறாக 12 டெசிபல் குறைந்து வரும். கூடவே 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் வந்தால், ஜெனரேட்டர் ஒரு தரையிலும் நம் கருவி இன்னொரு தரையிலும் இருக்கிறது; நடுவில் ஒரு தனிமைப்படுத்தும் டிரான்ஸ்ஃபார்மர் போடுங்கள். மின்னிணைப்பின் எர்த்தை மட்டும் எக்காரணத்துக்கும் பிடுங்காதீர்கள், உயிர் போகும்.

அறிகுறி: பேச்சு நன்றாக வருகிறது, நாதஸ்வரம் மட்டும் மங்கி மறைகிறது

கைபேசியில் ஓடும் கோடெக் செயலிகளில் இதைப் பார்த்திருக்கிறேன். இரைச்சல் ஒடுக்கி, எதிரொலி நீக்கி இரண்டும் மனிதக் குரலுக்காகச் செய்தவை. நீளமாக ஒலிக்கும் நாதஸ்வரச் சுரத்தை அவை இரைச்சல் என்று எடுத்துக்கொள்ளும். இரண்டையும் அணைத்துவிடுங்கள். அமைதியின்போது பாக்கெட் அனுப்பாமல் சேமிக்கும் டிடிஎக்ஸ் வசதியையும் அணையுங்கள். அது இருந்தால் வர்ணனையாளர் மூச்சு விடும்போதெல்லாம் திருவிழாச் சத்தம் காணாமல் போய்த் திரும்ப வரும். கேட்பவர் இணைப்பு அறுந்ததாகவே நினைப்பார்.

அறிகுறி: 16, 17 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு ‘டிக்’

இழப்பு 0, லேட் 0, லெவல் சரி. ஆனாலும் கடிகாரம் போல ஒரு டிக். சொல்லப்போனால் கடிகாரமேதான் காரணம். இரு கோடெக்கின் படிகங்களும் துல்லியமாக ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. பத்து லட்சத்தில் 20 பங்கு வித்தியாசம் இருந்தால் வினாடிக்கு 20 மைக்ரோசெகண்ட் விலகும். 1,000 வினாடியில், அதாவது 16 நிமிடம் 40 வினாடியில், ஒரு முழு 20 மில்லிசெகண்ட் பாக்கெட் கூடிவிடும் அல்லது குறைந்துவிடும். கோடெக் அதை நிரப்பவோ எறியவோ செய்யும்போது வருவதுதான் அந்த டிக். இடைவெளியைக் கடிகாரம் வைத்து அளந்து பாருங்கள்; சீராக இருந்தால் சந்தேகமே வேண்டாம். வாங்கும் கோடெக்கில் தகவமைக்கும் கடிகாரம் அல்லது மாதிரிவிகித மாற்றி இருந்தால் போடுங்கள்.

அறிகுறி: ஒரு பக்கம் மட்டும் கேட்கிறது, அல்லது சிறிது நேரத்தில் தானே அறுகிறது

கைபேசி இணையத்தில் நமக்குத் தனி முகவரி கிடைப்பது அரிது. பல பேர் ஒரே முகவரிக்குப் பின்னால் இருப்போம். வெளியில் இருந்து நம்மை அழைக்க முடியாது. எப்போதும் களத்தில் இருக்கும் கோடெக்கே நிலையத்தை அழைக்கட்டும். நிலைய ரூட்டரில் அதற்கான போர்ட்டுகளைத் திறந்து வையுங்கள், அழைப்புப் பாக்கெட்டுகளில் கைவைக்கும் எஸ்ஐபி ஏஎல்ஜி வசதி ரூட்டரில் இருந்தால் அணையுங்கள். ஒரு திசையில் மட்டும் ஒலி ஓட, மறு திசை அரை நிமிடமோ சில நிமிடமோ மௌனமாக இருந்தால், நடுவில் உள்ள முகவரி மாற்றி அந்த வழியை மூடிவிடலாம். திரும்பு ஒலி தேவையில்லை என்றாலும் அதைக் குறைந்த பிட்ரேட்டில் ஓடவிடுங்கள்.

அந்தத் திரும்பு ஒலியில் வர்ணனையாளரின் சொந்தக் குரல் இருக்கக் கூடாது. இருந்தால் அரை வினாடி கழித்துத் தன் குரலையே கேட்டு அவர் நாக்குத் தடுமாறும். நிலைய மிக்ஸரில் அவர் சானலை மட்டும் கழித்த மிக்ஸ்-மைனஸை அனுப்புங்கள்.